ஆடி போகட்டும், பார்ப்போம்

நேற்றுச் சாயங்காலம் எங்கள் மாமா ஒரு சுவரைத் தட்டினார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

சுவர் என்னுடையது இல்லை. மாமாவுடையதும் இல்லை. சங்கரன்கோவிலில் ரதவீதியை விட்டு உள்ளே தள்ளி, ஒரு முடுக்கில் விலைக்கு வந்திருக்கும் பழைய வீட்டின் சுவர். வாங்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும் வீடு. யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வது மரியாதைக்கு. வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்தாயிற்று. அதை வாய்விட்டுச் சொல்வது எப்படி என்றுதான் விளங்கவில்லை. தரகர் அண்ணாச்சி விடிந்தால் போன் போடுகிறார். நானும் விடிந்தால் ஒரு காரணம் சொல்கிறேன். கையிருப்பில் இருந்த காரணமெல்லாம் தீர்ந்துபோனதும், "எங்க மாமா ஒரு தடவை பாக்கணும்னு சொல்லுதாங்க அண்ணாச்சி" என்றேன்.

மாமா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்தில் எந்த மாமாவிடம் போய் "வீடு பார்க்க வாங்க" என்றாலும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வாசலுக்கு வந்துவிடுவார். மாமா வருவார், ஏதாவது குறை சொல்வார், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் கழன்றுகொள்ளலாம் என்பது திட்டம். மாமா வந்தார். சுவரைத் தட்டினார். "நல்ல கெட்டி. பேசி முடிச்சிரு மருமவனே" என்றார்.

வீடு வாங்குவதிலிருந்து எப்போது பின்வாங்க வேண்டும் என்பதற்கு நாலு அறிகுறிகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் சுவர்.

மாமா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பானிப்பட்டுப் போர் மூன்றும் எந்தெந்த வருஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1526, 1556, 1761 என்று ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். செங்கலுக்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு, சின்ன வயசில் எவனோ எறிந்த ஒன்று அவர் நெற்றியில் பட்டது. அப்படிப்பட்டவர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் தார்சாவைப் பார்க்கவில்லை. பட்டாசலைப் பார்க்கவில்லை. மட்டப்பா ஒழுகிய தடம் இருக்கிறதா என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே சுவரிடம் போனார். ஆட்காட்டி விரலை மடக்கினார். டொக், டொக், டொக். தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக் கேட்டார். "ம்" என்றார்.

அந்த 'ம்'முக்குள் அவருக்கு என்ன கேட்டது? இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வீடு பார்க்கப் போன ஆண்பிள்ளை எவனும் சுவரைத் தட்டாமல் திரும்பியதில்லை. என்ன கேட்டது என்று எவனும் சொன்னதுமில்லை.

தட்டுவதில் பல சம்பிரதாயங்கள் இருக்கின்றன. ஒற்றை விரல்காரர்கள் நாசூக்கானவர்கள், பெரும்பாலும் சம்பளக்காரர்கள். உள்ளங்கையால் ஓங்கி அறைகிறவர்கள் நிலபுலன் உள்ளவர்கள். மாடு பிடிக்கப் போய் முதுகில் தட்டிப் பார்த்த கை அது. பைக் சாவியால் தட்டுகிறவர்கள் இளவட்டங்கள். தட்டிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்ததும், "பாத்தீங்களா, பெயின்ட்டே நிக்கல" என்பார்கள். இன்னும் சிலர் தட்டிவிட்டு அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்று பேசி, நகர்ந்ததும் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்வார்கள். ஒன்றிரண்டு பேர் தட்டிய விரலை முகர்ந்து பார்த்ததையும் கண்டிருக்கிறேன். அது எதற்கு என்று இதுவரை பிடிபடவில்லை.

பெண்கள் தட்டுவதில்லை. அவர்கள் குழாயைத் திறப்பார்கள், அடுக்களை ஜன்னலைச் சாத்திப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரியிடம் "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது?" என்று கேட்பார்கள். ஒரு வீட்டைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் பத்து நிமிஷத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் முடிவெடுப்பது சுவர் தட்டியவர்.

1761-ல், அதாவது மாமாவின் மூன்றாம் பானிப்பட்டுப் போர் நடந்த அதே வருஷம், வியன்னாவில் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். அவருடைய அப்பா சத்திரம் நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதைக் கண்டு அந்த யோசனை வந்தது என்பார்கள். டாக்டர்கள் இன்றைக்கும் அப்படித்தான் தட்டுகிறார்கள். ஆனால் டாக்டர் தட்டினால் அதற்குப் பிறகு ஒரு மருந்துச் சீட்டு வரும். மாமா தட்டினால் 'ம்' மட்டும்தான் வரும்.

கட்டடப் பொறியாளர்களும் தட்டுகிறார்கள், சின்னச் சுத்தியலால். பூச்சு கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் அந்த இடம் பொத்தென்று கேட்கும். அவ்வளவுதான் அதில் தெரியும். பூச்சுக்குப் பின்னால் இருப்பது வெந்த செங்கலா வேகாததா, கீழே வானம் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், தோண்டிய இடத்தில் என்ன மண் என்பதையெல்லாம் விரல் சொல்லாது. நம் ஊருக்குக் கிழக்கே கொஞ்சம் போனால் கரிசல். மழை பெய்தால் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். வருஷா வருஷம் அது உப்பி வற்றி உப்பி வற்றி, மேலே நிற்கிற கட்டடத்தை ஆட்டிப் பார்க்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏணிப்படி மாதிரி ஒரு விரிசல் கிளம்பும். அது தட்டினால் கேட்காது. கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்.

ஆனால் பார்க்கவிடாமல் காலண்டர் மாட்டியிருப்பார்கள்.

இது முதல் அறிகுறி. அந்த வீட்டு மேற்குச் சுவரில் சிவகாசியில் அச்சடித்த முருகன் காலண்டர் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்தில் தொங்கியது. எந்த வீட்டிலாவது இடுப்பு உயரத்தில் காலண்டர் மாட்டுவார்களா? தேதி பார்க்கக் குனிய வேண்டும். முருகனைக் கும்பிட முட்டி போட வேண்டும். மாமா மற்ற மூன்று சுவரையும் தட்டினார். அந்தச் சுவரைத் தட்டவில்லை. ஏனென்று கேட்டால், "சாமி படம் இருக்குல்லா" என்கிறார்.

சுவரை விட்டுவிடுகிறேன். விஷயத்துக்கு வருவோம்.

நம் ஆட்கள் 'வேண்டாம்' என்ற சொல்லை வீடு விஷயத்தில் உபயோகிப்பதில்லை. "வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன்." "பையன் பெங்களூர்ல இருந்து வரட்டும்." "குருப்பெயர்ச்சி முடியட்டும்." எல்லாவற்றுக்கும் மேலே, "ஆடி போகட்டும்." இந்தக் கடைசிக் காரணத்தை மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சங்கரன்கோவில்காரன் எந்த முகத்தோடு சொல்வது? சிவனும் பெருமாளும் ஒரே உருவில் வரவேண்டும் என்று கோமதியம்மன் தவமிருந்து காரியத்தை முடித்தது ஆடி மாசத்தில், உத்திராட நட்சத்திரத்தில். ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு நிற்கிறது. அப்படிப்பட்ட ஆடியில் ஒரு அக்ரிமென்ட் போடக்கூடாதாம்.

பஞ்சாங்கமும் இதற்கு ஒத்துவரவில்லை. வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு நாள்தான் கண் விழிப்பார் என்கிறது பஞ்சாங்கம். விழிப்பதும் நாளுக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவர் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி படுக்க வேண்டும். ஆனியில் விழிப்பதில்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை, பங்குனியில் இல்லை. ஆடி 11-ஆம் தேதி விழிக்கிறார்! வருஷத்துக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் முழித்திருக்கும் ஒருவரே ஆடியில் எழுந்து உட்கார்ந்திருக்கும்போது, நாம் மட்டும் ஆடி போகட்டும் என்கிறோம்.

இந்தப் பொய்க் காரணங்களில் இன்னொரு தொந்தரவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பரிகாரம் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"தெருக்குத்து மாதிரி தெரியுதே அண்ணாச்சி?"

"ஒரு பிள்ளையார வச்சிருவோம்."

"ஈசானி மூலையில கக்கூஸ் இருக்கே?"

"அவங்க செலவுலயே இடிச்சு மாத்திக் கொடுத்திருவாங்க."

"புறவாசல்ல ஒரு பொந்து இருக்கு. பாம்பு கீம்பு..."

இதைக் கேட்டதும் தரகர் அண்ணாச்சி சிரித்தே விட்டார். "நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு நீங்க பாம்புக்குப் பயப்படலாமா? கோயில்ல வெள்ளித் தகடு வாங்கி உண்டியல்ல போடுங்க. புத்துமண்ணு கொஞ்சம் எடுத்துட்டு வந்து வாசல்ல வைங்க. சோலி முடிஞ்சுது." எங்கெங்கிருந்தோ பாம்புக்கும் தேளுக்கும் தகடு வாங்கிப் போட இந்த ஊருக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரன் அதைக் காரணமாகச் சொன்னால் எடுபடுமா?

விலையைக் காட்டித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். வீட்டுக்காரர் முப்பத்தெட்டு லட்சம் என்றார். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் நான் முப்பது என்றேன். அவர் எழுந்தார். தரகர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "அவுக சொன்னதும் வேண்டாம், இவுக சொன்னதும் வேண்டாம். முப்பத்தி நாலு. சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு சங்கனும் பதுமனும் அடிச்சுக்கிட்டதுக்கே நம்ம ஊர்ல பாதிக்குப் பாதிதான தீர்ப்பு?" வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியை இழுத்துவிட்டால் அப்புறம் நான் என்ன பேச? சங்கரநாராயணரை ரியல் எஸ்டேட்டுக்கு இழுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் தேவலை.

இரண்டாவது அறிகுறிக்கு வருகிறேன். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்ற வாக்கியம். வீட்டுக்காரரின் அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் நாலு பேர். மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயார். நாலாவது, கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்கா. "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு, கட்டிக் கொடுத்தாச்சே" என்கிறார் தம்பி. அப்பா சுயமாய்ச் சம்பாதித்த வீட்டில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1956 வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்விகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது; நாடு முழுவதும் 2005-ல் வந்தது. சட்டம் வந்து இத்தனை காலமாகியும், அக்கா பேச்சை எடுத்தால் அந்த வீட்டில் காபி டம்ளர் 'ணங்'கென்று கீழே வைக்கப்படுகிறது. கக்கூஸ் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டபோது சிரித்த முகம், அக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டதும் சுருங்கிப்போகிறது.

மூன்றாவது அறிகுறி ஒத்தி. இரண்டாங்கட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. வாடகையா என்றால் இல்லை. "ஒத்திக்கு இருக்காங்க, சொன்னா காலி பண்ணிருவாங்க." மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைத்து, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, பதிவு செய்யாமல் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார்கள். பதிவாகாத எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளக்கூடிய அந்தச் சான்று, இந்த வீட்டைப் பற்றிச் சுத்தம் என்றுதான் சொல்கிறது. இரண்டாங்கட்டில் ஒரு அம்மா வத்தல் காயப்போட்டுக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

ஆக, பொய்க் காரணத்துக்கெல்லாம் பரிகாரம் இருக்கிறது. உண்மைக் காரணத்துக்குப் பரிகாரம் கிடையாது. அதனால்தான் உண்மையைச் சொன்னால் இவ்வளவு கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் நாம் மறுபடி ஆடியைப் பிடித்துக்கொள்கிறோம்.

பிரான்சில் வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனசு மாறினால் விலகிக்கொள்ளலாம். காசும் போகாது, காரணமும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாமாம்! சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகன் இதைவிட வயிற்றெரிச்சலைக் கிளப்பினான். அங்கே ஹெச்.டி.பி. மறுவிற்பனை வீட்டுக்கு அதிகபட்சம் ஆயிரம் வெள்ளி கொடுத்து வைத்தால் 21 நாள் யோசிக்கலாம். வேண்டாமென்றால் அந்த வெள்ளி மட்டும் போகும். "நீ ஏன்ணே இவ்வளவு டென்ஷன் ஆகுத?" என்கிறான். இருபத்தொரு நாளில் அங்கே அவனை யாரும் பூக்கடையில் நிறுத்தி, "என்ன, வீடு படிஞ்சுட்டாமே?" என்று கேட்கமாட்டார்கள். இங்கே நான் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முடிவெட்டப் போனால், "முடுக்குக்குள்ள கார் போகாதே, எங்க நிறுத்துவீங்க?" என்கிறார். என்னிடம் கார் இல்லை. சொந்தக்காரர்கள் பால்காய்ப்புக்கு பிரியாணியா சைவமா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் பிரியாணிப் பேச்சை எடுத்துவிட்டால் அதற்குமேல் பின்வாங்க இடமில்லை.

பலபேர் வீடு வாங்கியது வீடு பிடித்துப்போய் அல்ல. 'என்னாச்சு?' என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அலுத்துப்போய். அவர்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் போயிருக்கிறேன். சுவரைத் தட்டி "நல்ல கெட்டி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

நாலாவது அறிகுறி ஒன்று இருந்தது. மிக முக்கியமானது. சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டது.

அதற்குப் பதிலாக, காசு விவகாரத்தையாவது சொல்லிவிடுகிறேன். "ஒரு பத்தாயிரத்து ஒண்ணு போட்டு வைங்க, பேச்சு நிக்கணும்லா" என்று தரகர் சொல்வார். அந்த ஒரு ரூபாய்தான் ஆபத்து. பத்தாயிரத்தைத் திருப்பிக் கேட்கலாம், மங்களகரமான ஒரு ரூபாயை எப்படித் திருப்பிக் கேட்பது? அதற்கு அடுத்த படி அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம். நிலம் வீட்டுக்கான முன்பணம் இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான் ரொக்கமாய் வாங்கலாம். மீறினால் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். வாங்குகிறவர் பேச்சு மாறினால் ஈட்டுத்தொகையாகக் கொடுத்த முன்பணத்தை விற்கிறவர் வைத்துக்கொள்ளலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரயம் வரை போய்விட்டால் முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு. முப்பத்தி நாலு லட்சத்துக்கு மூன்று லட்சத்து ஆறாயிரம். அதற்குப் பிறகு அக்கா வந்து நின்றால், அந்த மூன்று லட்சத்து ஆறாயிரத்துக்கு எந்த மூலையில் பிள்ளையார் வைப்பது?

ஆகவே வாசகர்களே, வேண்டாம் என்றால் அந்த ஒரு ரூபாய்க்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அக்கா கையெழுத்து இல்லை, அதனால் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். வீட்டுக்காரர் டம்ளரை ணங்கென்று வைப்பார், வைக்கட்டும். அக்ரிமென்ட் போட்ட பிறகு விலகினால், அதில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷம் வரை அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். மூன்று வருஷத்தில் மூன்று ஆடி வரும். ஒன்றும் கோர்ட்டில் செல்லாது.